ஆகாசத்தில் அடைத்த காது

1

கல்கத்தா தர்மதலாவில் டிராம் நிற்கிற இடத்துச் சுவரில் நேற்று மறுபடியும் அந்தப் படத்தை ஒட்டியிருக்கிறார்கள். பூசணிக்காய் மாதிரி ஒரு பலூன், அதன் கீழே ஒரு கூடை, கூடையில் நின்று தொப்பியை ஆட்டுகிற ஒரு வெள்ளைக்காரர். போன வருஷம் வந்த அதே துரை இந்தக் குளிருக்கும் வருகிறார். படத்தைப் பார்த்ததும் என் வலது காது 'டப்' என்றது. மற்றவர்களுக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரும். எனக்குக் காதில் சத்தம் வருகிறது.

அதிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. டிராமில் ஏறினேன், அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன், திரும்பி வந்து படத்தை இன்னொரு தடவை பார்த்தேன்.

என்னைப் பற்றிக் கும்பகோணத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதெல்லாம் ரயிலேறி இங்கே வந்து சேருகிறது. வைத்தி சூரியனைத் தொட்டான், கை வெந்து போயிற்று என்று மடத்துத் தெருவில் ஒரு கட்சி. காது செவிடாகி வேலை போய்விட்டது, காளிகட்டத்தில் பிச்சை எடுக்கிறான் என்று பெரிய கடைத்தெருவில் ஒரு கட்சி. இந்த இரண்டாவது கட்சிக்கு என் மச்சான்தான் தலைவர்.

ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். நாலாவது பாரத்தோடு படிப்பை நிறுத்தியவன் கை இது. பிழை இருந்தால் அது பள்ளிக்கூடத்தின் பிழை. இதில் ஒரு சங்கதி மட்டும் நான் இங்கே தங்கியிருக்கிற வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்த வீட்டுப் பெரியவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. வாங்குகிறவர்கள் யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

2

தந்தி கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்கு வந்தேன் என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறது. உண்மையில் நான் தும்மலுக்குப் பயந்து வந்தவன். என் அக்காவைக் கட்டிய மச்சானுக்குப் பெரிய கடைத்தெருவில் பொடிக்கடை. அப்பா போன பிறகு என்னை அங்கே உட்கார வைத்தார்கள். வாடிக்கைக்காரர்கள் வந்து ஒரு சிட்டிகை இழுத்து, ஒரு தும்மல் போட்டு, நிம்மதியாகப் போய்விடுவார்கள். உள்ளே உட்கார்ந்து இடித்துச் சலிக்கிறவனுக்கு நாள் பூராவும் தும்மல். மூக்குப்பொடி மடிக்கிற மட்டையின் பெயரே எனக்கும் 'பொடிமட்டை' என்று ஆகிவிட்டது.

"தும்முறதுக்குச் சோறு போடுற கடை உலகத்திலேயே இது ஒண்ணுதான்டா" என்பார் மச்சான். "இதை விட்டுட்டு எங்க போயிடுவே?"

ஹவுராவுக்குப் போனேன். அங்கே ரயில்வே தந்தி ஆபீசில் சிங்காரம் பிள்ளை என்று எங்கள் பக்கத்து மனிதர் தலைமைச் சிக்னலராக, அதாவது தந்தி தட்டுகிறவர்களுக்கு மேலாளாக இருக்கிறார். "பையன் வாய்தான் துடுக்கு, காது கூர்மை" என்று மேலே சொல்லி, தன் பொறுப்பில் என்னை வேலை பழகச் சேர்த்தார். பவானிபூரில் அவர் வீட்டு மாடியில்தான் எனக்குச் சாப்பாடும் படுக்கையும். அவர் சம்சாரத்தை அத்தை என்பேன். அவர்களுக்கு ஒரே பெண், காமு, ஏழு வயசு. கீழ் வீட்டில் குடியிருக்கிற வங்காளி அம்மாளை நாங்கள் எல்லாரும் மாஷிமா என்று கூப்பிடுகிறோம். வங்காளத்தில் பெரியம்மா, சின்னம்மா முறைக்கு அதுதான் வார்த்தை.

காமு பிறந்ததே இங்கேதான். பள்ளிக்கூடம் வங்காளி, விளையாட்டு வங்காளி, தூக்கத்தில் பிதற்றுவதும் வங்காளி. அத்தை தமிழில் கேட்டால் அவள் வங்காளியில் பதில் சொல்லுவாள். அப்பாவை 'பாபா' என்பாள். என்னோடு சண்டை போடுகிறபோது மட்டும் தமிழ் வரும். வங்காளியில் திட்டினால் நான் சிரித்துக்கொண்டு நிற்பேன். தமிழில் திட்டினால்தான் எனக்குச் சுடும் என்று கண்டுபிடித்துவிட்டாள். பொடிமட்டை என்ற பட்டத்தை ஒரு நாள் வாய் தவறி நானே அவளிடம் சொல்லிவிட்டேன். அன்று முதல் பவானிபூரிலும் நான் பொடிமட்டைதான்.

தந்தி வேலை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேஜைமேல் சவுண்டர் என்று ஒரு பித்தளைக் கருவி இருக்கும். கம்பியில் செய்தி வந்தால் அது 'டக், டக்டக்' என்று தட்டும். இரண்டு தட்டுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை வைத்து எழுத்தைக் கண்டுபிடித்து எழுத வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை, எல்லாம் காதுதான். ஒரு தடவை பரீட்சையில் தவறியிருந்தேன். இன்னொரு தடவை தவறினால் சீட்டைக் கிழித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊர் என்றால் பொடிக்கடை.

அந்த இரண்டாவது பரீட்சை, தை பிறந்து வருகிற முதல் திங்கட்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின வியாழக்கிழமை துரை வந்து சேர்ந்தார்.

3

எங்கள் ஆபீசுக்குத் தந்தி கொடுக்க வந்தவர் அவர். கூடையில் தன்னோடு ஏறி மணல் மூட்டைகளைக் கொட்டுகிற ஆளுக்குக் குளிர் ஜுரம் வந்துவிட்டது. ஒல்லியாக ஒருத்தன் வேண்டும் என்று யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். மேலும் கீழும் பார்த்தார்.

"உன் எடை என்ன?" என்றார் இந்துஸ்தானியில்.

"சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?" என்றேன்.

சிரித்துவிட்டார். எடுத்துக்கொண்டுவிட்டார்.

வீட்டில் பிள்ளை ஒரு குதி குதித்தார். "திங்கக்கிழமை பரீட்சைடா! சனிக்கிழமை ஆகாசத்துக்குப் போறேங்கிறியே! பரீட்சை முடிஞ்சு போயேன்."

"பலூன் எனக்காகக் காத்திருக்குமா மாமா? சனிக்கிழமை போயிட்டுச் சாயங்காலமே வந்திடுவேன். ஞாயித்துக்கிழமை பூராவும் தட்டுறேன்."

"விழுந்தா?"

"விழுந்தா பரீட்சையே இல்லையே."

அத்தைக்குக் கவலை வேறு. "மேல போகப் போக சூரியன் கிட்ட வருமே. உஷ்ணம் தலைக்கு ஏறிடாதா?"

"ஊட்டிக்குப் போனவனெல்லாம் மேல குளிருதுன்னுதான் சொன்னான்" என்றார் பிள்ளை.

இங்கேதான் என் நாலாவது பாரம் வேலை செய்தது. "ஊட்டியில மரம் இருக்கு மாமா, நிழல் விழுது, குளிருது. ஆகாசத்துல மரம் ஏது?" என்றேன்.

அத்தை கட்சி ஜெயித்தது. சனிக்கிழமை காலையில் அத்தை நல்லெண்ணெயைக் காய்ச்சி, என் குடுமியை அவிழ்த்து, உச்சியில் ஊற்றி அறைந்து தேய்த்தாள். உடம்பெல்லாம் எண்ணெய் வழிய வெகுநேரம் ஊறினேன். பிறகு சீயக்காய், பிறகு தலையோடு குளிர்ந்த தண்ணீர். சனி நீராடுவது நம்மூரில் நியாயம்தான். தை மாசத்துக் கல்கத்தாவில் வடக்கேயிருந்து வருகிற காற்று கத்தி மாதிரி இருக்கும். இடுப்பு வரை தொங்குகிற குடுமி அதில் சாயங்காலம் வரை காயாது.

ஈரக் குடுமியோடு நான் படி இறங்குவதைப் பார்த்து மாஷிமா தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஓ மா! டண்டா லேகே ஜாபே!" என்றாள். சளி பிடிக்கும் என்று அர்த்தம். குளிர்காலத்தில் வங்காளிகள் ஒருவரையொருவர் விசாரிப்பதே இப்படித்தான். தன் வீட்டுக் கம்பளிக் கழுத்துத் துணியைக் கொண்டுவந்து என் இரண்டு காதையும் சேர்த்துக் கட்டிவிட்டாள்.

"பாரு, பல்லு வலிக்காரன் மாதிரி இருக்கு" என்றாள் காமு. "பொடிமட்டைக்குப் பல்லு வலி!"

"நான் சூரியன்கிட்டப் போறேன். உனக்கு அங்கேருந்து என்ன வேணும்?"

"நீ திரும்பி வராம இருந்தா போதும்."

இதைத் தமிழில்தான் சொன்னாள். பலூன் ஏறுகிற மைதானத்துக்குப் போய்ச் சேருவதற்குள் எனக்கு மூக்குத் துளை இரண்டும் அடைத்துவிட்டன.

4

மேலே போனதைப் பற்றி நீங்கள் நிறைய எதிர்பார்ப்பீர்கள். சொல்லுவதற்குக் கொஞ்சம்தான் இருக்கிறது. கயிற்றை அவிழ்த்ததும் நாங்கள் மேலே போனதாகவே தெரியவில்லை. மைதானத்தைத்தான் யாரோ கீழே இறக்கிவிட்டது மாதிரி இருந்தது. குடைகள், குதிரை வண்டிகள், கோட்டை, கப்பல்கள் எல்லாம் சிறுத்துச் சிறுத்துப் போயின. கங்கையின் மேல் எங்கள் ஹவுரா மிதவைப் பாலம், யாரோ மறந்து போட்டுவிட்டுப் போன சீப்பு மாதிரி கிடந்தது. தினமும் அதன்மேல் இடிபட்டு, மிதிபட்டு, மாட்டு வண்டிக்காரனிடம் வசவு வாங்கி ஆபீசுக்குப் போகிறவன் நான். இந்தச் சீப்புக்கா இவ்வளவு அமர்க்களம் என்று தோன்றியது.

ஏறுகிறபோது காதில் கஷ்டமே இல்லை. கொஞ்சம் உப்பும், பிறகு 'டப்' என்று தானே விடும். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. துரை தன் காதைத் தொட்டுக் காட்டி, "எப்படி?" என்று ஜாடையில் கேட்டார். "பட்டாசு!" என்றேன்.

சூரியன் கிட்டே போகப் போகக் குளிர்தான் ஏறியது. ஈரக் குடுமி பின்கழுத்தில் பாம்பு மாதிரி ஒட்டிக்கொண்டு நடுக்கியது. துரை என்னைப் பார்த்து, தன் தலையைத் தொட்டு, மழையா என்று கேட்டார். எண்ணெய்க் குளியலை இந்துஸ்தானியில் விளக்க எனக்கு வார்த்தை இல்லை. ஆமாம், மழைதான் என்று சொல்லி வைத்தேன்.

5

இறங்குகிறபோதுதான் வந்தது வினை.

வடகாற்று எங்களைத் தெற்கே தள்ளிக்கொண்டு போனது. வீடுகள் முடிந்து வயல் வந்தது. அதற்கும் அப்பால் சதுப்பும் காடும் பச்சையாகத் தெரிந்தன. அதற்குள் இறங்கிவிட வேண்டும் என்று துரை கயிற்றை இழுத்து வாயுவை வெளியே விட்டார். கூடை சரசரவென்று இறங்கியது. என் காதில் முதலில் யாரோ கட்டைவிரலை வைத்து அமுக்கினார்கள். பிறகு அந்தக் கட்டைவிரல் ஆணியானது. பிறகு அந்த ஆணியைச் சுத்தியால் அடித்தார்கள். ஐயோ என்று கத்தினேன். அந்தச் சத்தம் எனக்கே பக்கத்துத் தெருவிலிருந்து கேட்டது.

மாஷிமாவின் துணியை இன்னும் இறுக்கிக் கட்டினேன். ஒரு பிரயோசனமும் இல்லை. வலி வெளியே இருந்து வருகிற காற்றால் இல்லை என்று துரை ஜாடையில் காட்டினார். மூக்கைப் பிடித்துக்கொள், வாயை மூடிக்கொள், மெல்ல ஊது என்றார். மெல்ல என்பதற்கு ஒரு விரலை நீட்டி எச்சரித்தார். ஊதினேன். சளி கட்டின மூக்கில் காற்று எங்கே போகும்? ஒன்றும் அசையவில்லை. எச்சிலை விழுங்கு என்றார். வாய் பயத்தில் வறண்டு கிடந்தது. சட்டைப் பையிலிருந்து கெட்டி மிட்டாய் ஒன்றை எடுத்து என் வாயில் போட்டார். சப்பிச் சப்பி விழுங்கினேன். கொட்டாவி விட்டுப் பார் என்று தானே வாயைப் பிளந்து காட்டினார். ஆகாசத்தில் இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டு இறங்கினோம்.

இடது காது கொஞ்சம் முனகியது. வலது காது மசியவில்லை. துரை என் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே இருக்கிற வயலைப் பார்த்தார். பிறகு ஒரு மூட்டை மணலைத் தானே எடுத்து வெளியே கொட்டினார். கூடை இறக்கத்தை நிறுத்திக்கொண்டு கொஞ்சம் மிதந்தது. என் காதுக்கு மூச்சு விடக் கொடுத்த அவகாசம் அது. அதற்குமேல் அவரால் முடியாது. வயல் தீர்ந்துகொண்டு வந்தது.

நீங்கள் யாரும் பலூனில் ஏறப் போவதில்லை. ஆனால் ஊட்டி மலையிலிருந்து ரயிலில் இறங்குகிறவர்களுக்கும் இதே பாடுதான் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள். சளி பிடித்திருந்தால் போகாதீர்கள். போனால், வலி வருவதற்கு முன்பே விழுங்க ஆரம்பியுங்கள்; ஆணி இறங்கின பிறகு விழுங்கிப் பயனில்லை. வாயில் ஏதாவது போட்டுச் சப்பிக்கொண்டே இருங்கள். இறங்குகிற நேரத்தில் தூங்காதீர்கள். மூக்கைப் பிடித்து ஊதினால் கோபத்தோடு ஊதாதீர்கள். முக்கியமாக, எண்ணெய் தேய்த்துக் குளிக்காதீர்கள். இந்த வருஷம் நான் ஏறினால் எண்ணெய்ப் பாத்திரத்தின் பக்கமே போக மாட்டேன். ஏறுவேனா என்று கேட்காதீர்கள். கால் நேற்றிலிருந்தே தரையில் பாவவில்லை.

அறுவடை முடிந்த தாளடியில் கூடை இழுபட்டுக் குப்புறக் கவிழ்ந்தது. சுற்றிலும் ஜனங்கள் ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். வங்காளமே எனக்கு ஊமைக்கூத்தாகத் தெரிந்தது.

6

ஞாயிற்றுக்கிழமை பிள்ளை வீட்டு மாடியில் ஒரு வைத்திய சபை கூடியது. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கரண்டியில் எடுத்துக்கொண்டு அத்தை வந்தாள். "எண்ணெயா? இன்னுமா?" என்று பிள்ளை கரண்டியைத் தட்டிவிட்டார். அவர் கத்தினால்தான் எனக்கு மங்கலாகக் கேட்டது. மாஷிமா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுத்தாள். வலி அடங்கியது. அடைப்பு அப்படியே இருந்தது.

பிள்ளை வீட்டிலேயே பழகுவதற்குப் பலகையில் திருகி வைத்த சவுண்டர் ஒன்று உண்டு. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தட்டினார். தட்டு எல்லாம் கம்பளிக்குள் விழுந்தது மாதிரி வந்தது. எது குறில், எது நெடில் ஒன்றும் விளங்கவில்லை. நான் எழுதினதை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் சிரிக்க முயன்றேன். நடக்கவில்லை.

"மாமா, பரீட்சையைத் தள்ளிப் போடக் கேட்டா என்ன?"

பக்கத்தில் வந்து என் காதில் கத்தினார். "கேக்கலாம். டாக்டர் சீட்டு வேணும். காது அடைச்சிருக்குன்னு டாக்டர் எழுதுவார். காது அடைச்சவன் சிக்னல் வேலைக்கு லாயக்கில்லைன்னு அதே டாக்டர் அடுத்த வரியில எழுதுவார். பரீட்சையும் தள்ளிப் போகும், நீயும் தள்ளிப் போவே!"

இதுதான் சர்க்கார் சூட்சுமம். வியாதி என்று சொன்னால் விடுமுறை உண்டு. ஆனால் இந்த ஒரு வியாதியைச் சொன்னால் ஆயுசுக்கும் விடுமுறை.

"உன்னை நான் சேத்து விட்டேன்" என்றார். "காது கூர்மைன்னு என் வாயாலதான் சொன்னேன். நீ ஆகாசத்துக்குப் போனே, என் வார்த்தை பாதாளத்துக்குப் போகுது." பிறகும் ஏதோ சொன்னார். சுவரைப் பார்த்துச் சொன்னதால் எனக்குக் கேட்கவில்லை.

நான் எழுந்தேன், உட்கார்ந்தேன், மாடிக்கும் வாசலுக்கும் நடந்தேன். மனசு அதற்குள் பொடிக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டது. மச்சான் உலக்கையை எடுத்து என் பக்கம் நகர்த்துவார். காமு வந்து என் முன்னால் நின்று ஏதோ வாயசைத்தாள். "கேக்கல" என்றேன். மறுபடியும் அசைத்தாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். உதட்டைப் பிதுக்கிவிட்டு மாஷிமா வீட்டுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

அத்தை பொங்கலுக்குச் சுட்ட முறுக்கில் ஒன்றைக் கையில் கொடுத்தாள். கடித்தேன். மண்டைக்குள் பாலம் இடிந்து விழுந்த சத்தம்! ஊர் சத்தம் ஒன்றும் உள்ளே வராத காதில், என் முறுக்குச் சத்தம் மட்டும் இடி மாதிரி கேட்டது. இது என்ன அநியாயம் என்று நினைத்தேனே தவிர, அதற்குமேல் என் மூளை ஓடவில்லை. இன்னொரு முறுக்கைத் தின்றேன், அவ்வளவுதான்.

7

ஹவுரா ஸ்டேஷன் தந்தி ஆபீசை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு பக்கம் எஞ்சின் ஊதும். இன்னொரு பக்கம் கூலிகள் கூவுவார்கள். ஜன்னலுக்கு வெளியே சரக்கு வண்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். இந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு பித்தளைத் துண்டு தட்டுவதைக் கேட்டு எழுத வேண்டும். முதல் பரீட்சையில் நான் தவறியதே இந்த இரைச்சலால்தான்.

இன்ஸ்பெக்டர் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர், பெரிய மீசை. ஒரு மேஜையைக் காட்டினார். மேஜைமேல் சவுண்டர். பிள்ளை கதவோரமாக நின்றார். என்னைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த அறையிலிருந்து ஒருத்தர் தட்ட ஆரம்பித்தார்.

சவுண்டரின் நாக்கு மேலும் கீழும் ஆடுவது தெரிந்தது. எனக்குக் கேட்டது ஒரு முனகல். முதல் வரி போயிற்று. இரண்டாவது வரியில் ஏதோ நாலு எழுத்து ஊகித்துப் போட்டேன். வேர்த்தது. சரி, உலக்கையைப் பிடிக்க வேண்டியதுதான் என்று முடிவு கட்டி, முழங்கையை மேஜைமேல் ஊன்றி, தாடையைக் கைமுட்டியில் வைத்துச் சாய்ந்தேன்.

டக். டக்டக். டக்.

மண்டைக்குள் யாரோ ஆணி அடிப்பது மாதிரி, ஒவ்வொரு தட்டும் தெளிவாக வந்தது. மேஜை வழியாக முழங்கை, முழங்கை வழியாகத் தாடை, தாடை வழியாக உள்ளே. முறுக்கு வந்த அதே வழி! எஞ்சின் இல்லை, கூலி இல்லை, சரக்கு வண்டி இல்லை. அடைத்த காது அத்தனையையும் வாசலில் நிறுத்திவிட்டது. உலகத்தில் நானும் சவுண்டரும் மட்டும் இருந்தோம். பென்சில் தானாக ஓடியது. செய்தி இங்கிலீஷில் இருந்தது. எனக்குப் பாதி அர்த்தமாகவில்லை. அர்த்தம் தெரியாதவன் ஊகித்து எழுத மாட்டான், அதனால் பிழை குறைவு.

பிள்ளையை ஓரக்கண்ணால் பார்த்தேன். நான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு சாய்ந்ததைப் பார்த்து, பையன் கைவிட்டுவிட்டான் என்று நினைத்து, மனிதர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் தாளை வாங்கினார். முதல் வரியில் முகத்தைச் சுளித்தார். கீழே போகப் போக மீசை தளர்ந்தது. பிறகு ஏதோ சொன்னார். எனக்கு எங்கே கேட்டது? பிள்ளை ஓடி வந்து, என் முதுகில் தட்டுவது போல் குனிந்து, காதுக்குள், "பரீட்சையில ஏண்டா தூங்கினேன்னு கேக்கிறார்!" என்றார்.

"தூங்கல சார். கண்ணு பாத்துக்கிட்டிருந்தா காதுக்குக் கூச்சமா இருக்கு" என்றேன். பிள்ளை இதை எப்படி மொழிபெயர்த்தாரோ, இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இப்போதும் நான் ஆபீசில் கன்னத்தில் கை ஊன்றித்தான் உட்காருகிறேன். சோம்பேறி என்று புதிசாக வந்தவர்கள் சொல்லுகிறார்கள். சொல்லட்டும்.

8

அன்று சாயங்காலம் பிள்ளையும் நானும் பாலத்தின்மேல் நடந்து வந்தோம். கப்பல் போவதற்காகப் பாலத்தைத் திறந்து அப்போதுதான் மூடியிருந்தார்கள். நின்றிருந்த வண்டிகளும் ஜனமும் மொத்தமாகக் கிளம்பி எங்களை நெருக்கித் தள்ளின. பிள்ளை பக்கத்தில் ஏதோ பேசிக்கொண்டே வந்தார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. திட்டுகிறார் என்று நினைத்து, சரி சரி என்று தலையாட்டினேன். எதையும் கேட்க முடியாதவனுக்குத் தலையாட்டுவது சுலபம்.

முந்தின ராத்திரி தூங்காததால் ஒரு பெரிய கொட்டாவி வந்தது. துரை ஆகாசத்தில் காட்டிக் கொடுத்த அதே மாதிரி, தாடை கழன்றுவிடும் போல வாயைப் பிளந்தேன். வலது காதில் 'டப்' என்றது. அவ்வளவுதான், கல்கத்தா முழுவதும் ஒரேயடியாக உள்ளே கொட்டியது. சக்கரங்கள், மாட்டு மணி, படகுச் சங்கு, வசவு எல்லாம். அவற்றுக்கு நடுவே பிள்ளையின் குரல், நான் அதுவரை கேட்டிராத ஒரு சன்னக் குரல்.

"…இன்ஸ்பெக்டர் கிடக்கான்டா. என் வார்த்தையும் கிடக்கு. நீ ஊருக்குப் போயிட்டா காமு யாரோட சண்டை போடுவா? என்னைப் பாபாங்குது. அப்பான்னு கூப்பிட்டு எவ்வளவு நாளாச்சு. அவ அம்மா தமிழ்ல கேட்டா வங்காளியில பதில் சொல்லுது. தமிழ்ல வாயைத் திறக்கிறதே உன்னைத் திட்டத்தான். நேத்துப் பூரா நீ காது கேக்காம உக்காந்திருந்தே. நேத்துப் பூரா எங்க வீட்டுல ஒரு தமிழ் வார்த்தை அது வாயிலேருந்து விழலடா."

என் நடை தடுமாறியது. மனிதர் என்னிடம் பேசவில்லை. கேட்காதவனிடம்தான் பேசிக்கொண்டு வந்தார்.

"என்ன மாமா சொன்னீங்க? கேக்கல" என்று கத்தினேன்.

பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய குரலில் என் காதில் கூவினார். "ஒண்ணுமில்ல! நாளைக்கு நேரத்தோட வேலைக்கு வா!"

"சரி மாமா!"

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது காமு மாடிப்படியில் உட்கார்ந்து மாஷிமாவோடு வங்காளியில் வம்பளந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"பொடிமட்டை அண்ணே, பாஸா, பெயிலா?"

கையைக் குவித்துக் காதில் வைத்தேன். "என்ன?"

"பாஸா பெயிலான்னு கேட்டேன்!"

"பாயசமா? அத்தை பாயசம் வெச்சிருக்காங்களா?"

அவளுக்கு மூக்கு விடைத்தது. ஒரு படி இறங்கி வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நான் கற்றுக்கொடுத்ததும் கற்றுக்கொடுக்காததும் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தாள். "செவிட்டுப் பொடிமட்டை! கொக்குக் காலு! ஆகாசத்துக்குப் போனவன் காதை அங்கேயே விட்டுட்டு வந்திருக்கு பாரு! நேத்துப் பூரா உன்னைக் கூப்பிட்டேன், நீ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே! உனக்குப் பாயசமும் கிடையாது, முறுக்கும் கிடையாது, எல்லாத்தையும் நானே தின்னுடுவேன்!"

மாஷிமா ஒன்றும் புரியாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளை வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு செருப்பு கையில், ஒன்று காலில். அப்படியே நின்றுவிட்டார், நிமிரவும் இல்லை.

நான் இன்னும் ஒரு படி ஏறிக் காதைக் காமுவின் வாய்க்கு நேரே கொண்டுபோனேன்.

"காது அடைச்சிருக்கு தாயி" என்றேன். "இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொல்லு."